நூற்றுக்கு அதிபதி யார்? தமிழ்த் திருமறையில் ரோமப் படைச் சொற்கள்

ராயபுரத்தில் எங்கள் சபையாரின் இல்லமொன்றில் லெந்து கால மறைநூல் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அன்றைய பகுதி அப்போஸ்தலர் நடபடிகள் 10ஆம் அதிகாரம். கொர்நேலியுவின் ஜெபத்தையும் தருமத்தையும் குறித்து நான் பேசி முடித்தபின், தரைப்படையில் சுபேதாராக இருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் எழுந்தார். “ஐயா, நூற்றுக்கு அதிபதி என்கிறீர்களே, அவர் எங்களைப்போலச் சிப்பாயாய்ச் சேர்ந்து படிப்படியாய் ஏறினவரா, அல்லது அதிகாரியாகவே வந்து இறங்கினவரா?” என்று வினவினார். “பெரிய ரோமத் தளபதி” என்று சொல்லிவிட்டு நான் அடுத்த பகுதிக்குப் போய்விட்டேன். அவர் உட்கார்ந்துகொண்டார், முகத்தில் திருப்தி இல்லை. பல ஆண்டுகளாக மாணவருக்குப் புதிய ஏற்பாடு கற்பித்துவரும் ஒருவன் அளித்த அவ்விடை பிழையானது என்பதை அன்றிரவு நூல்களைப் புரட்டியபோதுதான் உணர்ந்தேன்.

அப்பிழை என்னுடையது மட்டுமன்று. நம் பிரசங்கங்களும், பெரிய வெள்ளி நாடகங்களும், ஞாயிறுபள்ளிப் படங்களும் அதையே சொல்லிவருகின்றன. நாம் ஓதும் திருமறையின் தமிழ்ச் சொற்கள் அதற்கு எவ்வளவு இடங்கொடுக்கின்றன, எவ்வளவு தடுக்கின்றன என்று மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். 1871இல் ஹென்றி பவர் ஐயர் தலைமையில் நிறைவெய்திய திருத்திய மொழிபெயர்ப்பையே, அதாவது இன்றும் நம் ஆலயங்களில் வாசிக்கப்படும் பழைய பதிப்பையே, முதன்மையாக எடுத்துக்கொள்கிறேன். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பை ஆங்காங்கே ஒப்பிடுவேன்.

முதலில் படையின் அமைப்பு. ரோமப் படையின் அடிமட்டத்தில் எட்டுப் பேர் ஒரே கூடாரத்தில் தங்கி, ஒன்றாய்ச் சமைத்து உண்டனர். இத்தகைய பத்துக் கூடாரத்தார் சேர்ந்தது ஒரு ‘நூறு’. ஆயினும் அந்நூற்றில் இருந்தவர் எண்பதின்மரே. (மதுரை ஆயிரங்கால் மண்டபத்தின் தூண்கள் 985 என்று அறிந்த நமக்கு இது வியப்பூட்டாது.) ஆறு நூறுகள் சேர்ந்து கொகோர்த்து என்னும் பிரிவாயின, அதில் 480 பேர். பத்துக் கொகோர்த்துகள் கொண்டது ஒரு லேகியோன். ஏறக்குறைய 5,000 பேர். லேகியோனுக்குத் தலைவன் செனட் குலத்தைச் சேர்ந்த ஒரு பெருமகன். அவன்கீழ் திரிபூனர் எனப்பட்ட அறுவர் இருந்தனர். இவர்கள் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு வேறு பதவிகளுக்குச் செல்வோர். படையோடு படையாய் ஆயுள் முழுவதும் கிடந்து, அதை உண்மையில் நடத்தியவர்கள் நூற்றுக்கு அதிபதிகளே. அவர்களுள் சிலர் நேரே நியமனம் பெற்றோராயினும், பலர் சாதாரணச் சேவகராய்ச் சேர்ந்து பல ஆண்டுகளுக்குப் பின்னர் அந்நிலையை எட்டியவர்கள்.

ஆகவே சுபேதார் ஐயாவின் வினாவுக்குச் சரியான விடை, “பெரும்பாலும் உங்களைப்போன்றவர்தான்” என்பது.

லேகியோனில் சேர ரோமக் குடியுரிமை வேண்டும். குடியுரிமை இல்லாத மாகாணத்தாருக்கென்று வேறொரு படை இருந்தது. அதைத் துணைப்படை என்போம். அது லேகியோன்களாக அன்றி, தனித்தனிக் கொகோர்த்துகளாகவும் குதிரைப்படைப் பிரிவுகளாகவும் இயங்கியது. ஐந்நூற்றுவர் பிரிவுக்குத் தலைவன் பிரேபெக்து எனப்பட்டான். ஆயிரத்தவர் பிரிவுக்குத் தலைவன் திரிபூன். துணைப்படைச் சேவகன் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்தால் குடியுரிமை பெறுவான். கிலவுதியு பேரரசன் காலம் தொடங்கி இவ்வுரிமை வெண்கலத் தகடுகளில் பொறித்து அளிக்கப்பட்டது. அத்தகடுகள் பல இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன.

இனி, இப்படைகள் எங்கெங்கு நிறுத்தப்பட்டன என்பது. திபேரியு ஆண்ட கி.பி. 23இல் பேரரசு முழுவதிலும் இருந்த லேகியோன்கள் 25 என்று தாசித்து என்னும் வரலாற்றாசிரியர் கணக்குத் தருகிறார். அவற்றுள் எட்டு ரைன் நதிக்கரையில், நான்கு சீரியாவில், இரண்டு எகிப்தில். யூதேயாவில் ஒன்றும் இல்லை. கி.பி. 6 முதல் 66இல் கலகம் வெடிக்கும்வரை யூதேயாவில் நிலையாக லேகியோன் எதுவும் நிறுத்தப்படவில்லை. பெருங்கலகம் எழுந்தால் சீரியாவிலிருந்து லேகியோன்கள் இறங்கிவரும். மகா ஏரோது மரித்தபின் கி.மு. 4இல் சீரியாவின் ஆளுநன் வாரு அவ்வாறு வந்து, ஏறக்குறைய 2,000 பேரைச் சிலுவையில் அறைந்தான் என்று யோசேப்பு எழுதுகிறார். மற்ற நாட்களில் யூதேயாவைக் காத்தது துணைப்படையே. பிலாத்துவின் பெயரைத் தாங்கி 1961இல் செசரியாவில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு அவனைப் ‘பிரேபெக்து’ என்றே குறிக்கிறது. லேகியோன்களை ஏவும் நிலை அவனுக்கு இல்லை.

அத்துணைப்படையினர் எவ்வூரார்? இங்கேதான் நம் நாடகங்கள் தலைகீழாய்ப் போகின்றன. ஏரோதின் படையிலிருந்த செபஸ்தே ஊர்ச் சேவகர் 3,000 பேர் கி.மு. 4ஆம் ஆண்டுக் கலகத்தில் ரோமர் பக்கம் நின்று போரிட்டனர். செபஸ்தே என்பது பழைய சமாரியா நகரின்மேல் ஏரோது கட்டிய பட்டணம். கி.பி. 44இல் முதலாம் அகிரிப்பா மரித்தபோது நாட்டிலிருந்த படை செசரியா, செபஸ்தே ஊரார் கொண்ட ஒரு குதிரைப்படைப் பிரிவும் ஐந்து கொகோர்த்துகளும் என்று யோசேப்பு தெளிவாய்ச் சொல்லுகிறார். இறந்த அரசனுடைய குமாரத்திகளின் சிலைகளைப் பெயர்த்தெடுத்து அவர்கள் செய்த இழிசெயலையும் அவர் மறைக்கவில்லை. கிலவுதியு அவர்களைத் தண்டனையாகப் பொந்து நாட்டுக்கு அனுப்பக் கட்டளையிட்டான். அவர்களோ தூதனுப்பி மன்றாடி அங்கேயே தங்கிவிட்டனர். யூதருக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு இருந்தமையால், யூதேயாவின் காவல் அவர்களை வெறுத்த அண்டை ஊராரிடம் சிக்கிக்கொண்டது. பிலாத்துவின் காலத்திலும் நிலைமை இதுவே என்று கொள்வதற்கு வலுவான காரணம் உண்டு. அங்ஙனமாயின், நம் ஆண்டவருக்கு முள்முடி சூட்டியவர்கள் இத்தாலியாவிலிருந்து கப்பலேறி வந்த அந்நியரல்லர். ஒரு நாள், இரண்டு நாள் நடைத்தூரத்து ஊர்களின் பிள்ளைகள். அரமாயிக்கையோ நாட்டுக் கிரேக்கையோ பேசி ஏளனம் செய்தவர்கள். அவர்கள் ஏளனம் எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.

இப்பின்னணியோடு தமிழ்ச் சொற்களிடம் வருவோம்.

கொகோர்த்தைக் குறிக்கக் கிரேக்கப் புதிய ஏற்பாடு ஆளும் சொல் ஸ்பெய்ரா. பழைய பதிப்பு இதனை அப்போஸ்தலர் நடபடிகளில் ‘பட்டாளம்’ என்கிறது: கொர்நேலியுவுக்கு இத்தாலியா பட்டாளம், யூலியுவுக்கு அகுஸ்து பட்டாளம். மத்தேயு 27:27இலும் யோவான் 18:3இலும் அதே ஸ்பெய்ராவைப் ‘போர்ச்சேவகரின் கூட்டம்’ என்று பெயர்த்திருக்கிறது. இது பொறுக்கத்தக்க வேறுபாடு அன்று. கூட்டம் என்பது தானாய்த் திரள்வது. பட்டாளம் என்பது கணக்கெழுதி, சம்பளம் கொடுத்து, கட்டளையிட்டு அனுப்பப்படுவது. கெத்செமனேக்குப் போனது கூட்டமாயின் இயேசுவின் மரணம் ஒரு கலவரத்தின் விளைவாகிவிடும்; பட்டாளமாயின் அதற்குப் பின்னே ஒரு நிர்வாகம் நிற்கிறது. (யோவான் முழுக் கொகோர்த்தையே குறித்தாரா, அதன் ஒரு பகுதியையா என்பது வேறு வினா.) மொழிபெயர்ப்பாளர் சுவிசேஷங்களிலும் பட்டாளம் என்றே எழுதியிருக்கவேண்டும்.

பட்டாளம் என்னும் சொல்லையே குறைகூறுவோர் உண்டு. பாட்டாலியன் என்னும் ஐரோப்பியச் சொல்லின் வழிவந்தது, கொச்சையானது, ‘படைப்பிரிவு’ என்று தமிழில் சொல்லலாமே என்பர். திருவிவிலியம் அவ்வாறே சொல்லுகிறது. இக்குறையை நான் ஏற்கவில்லை. 1868இல் சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பதிப்பித்தவர் பவர் ஐயர். தானை, சேனை, படை என்னும் சொற்களை அறியாமல் அவர் பட்டாளம் என்பதை அமைய விட்டார் என்று கருத இயலாது. அச்சொல் அன்று சென்னை மக்களின் காதில் ஒரு குறிப்பிட்ட பொருளோடு ஒலித்தது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட வந்த காலத்தில், கும்பினியார் இந்நாட்டுச் சிப்பாய்களை ஐரோப்பிய முறைப்படி பட்டாளங்களாக ஒழுங்குபடுத்தினர். ஏறக்குறைய நூறு பேருக்குத் தலைவராய் ஒரு சுபேதார். அவர்கீழ் ஜமேதாரும் ஹவில்தாரும் நாயக்கும். எல்லாருக்கும் மேல் ஓர் ஆங்கிலேய அதிகாரி. ஊரார் கையாலேயே ஊரை ஆளும் ஏற்பாடு அது. எங்கள் வடசென்னையில் பட்டாளம் என்றே ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. அதற்கு அருகிலுள்ள வேப்பேரியில்தான் பப்ரிசியு ஐயர் தம் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1772இல் அச்சிட்டார். அங்கிருந்த அச்சுப்பொறி 1761இல் புதுச்சேரியைக் கைப்பற்றிய ஆங்கிலப் படை கொள்ளைப்பொருளாய்க் கொண்டுவந்தது! நம் திருமறையின் தமிழ் பட்டாளத்தின் நிழலில் வளர்ந்த தமிழ். சுவார்ச்சு ஐயரும் 1760களில் திருச்சிக் கோட்டைப் பட்டாளத்தாரிடையே ஊழியம் செய்தவரே.

ஆகவே கொர்நேலியு ‘இத்தாலியா பட்டாளத்தில்’ இருந்தான் என்று முதன்முதல் வாசித்த தமிழ்க் கிறிஸ்தவன், தன் தெருவில் கண்ட சிப்பாயை நினைத்திருப்பான். அந்நினைவு துணைப்படையின் இயல்புக்கு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. ‘படைப்பிரிவு’ என்பதில் பிழையில்லை, நினைவும் இல்லை. ஆனால் ஒப்புமைக்கும் எல்லை உண்டு. கும்பினியின் சுபேதார் எத்துணை ஆண்டுகள் உழைத்தாலும் ஆங்கிலேயக் குடிமகன் ஆகவில்லை. செபஸ்தே ஊர்ச் சேவகனின் பிள்ளை ரோமனாக முடிந்தது. ரோமப் பேரரசு அவ்வளவு நீண்டகாலம் நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ‘சேனாபதி’. எருசலேமில் பவுலைக் கலகக்காரர் கையினின்று மீட்ட கிலவுதியு லீசியாவைப் பழைய பதிப்பு இப்பெயரால் அழைக்கிறது. கிரேக்கச் சொல் கிலியார்க்கோஸ். ஆயிரவர் தலைவன் என்பது அதன் நேர்ப்பொருள். ரோமப் படையின் திரிபூனைக் குறிக்க வழங்கியது. யோவான் 18:12இல் இதே சொல்லை ஆயிரம் போர்ச்சேவகருக்குத் தலைவன் என்று சரியாகவே பெயர்த்தவர்கள் இங்கே சேனாபதியாக்கிவிட்டார்கள். சேனாபதி என்றதும் தமிழ் வாசகனுக்கு அரசனுக்கு அடுத்த நிலையில் நிற்கும் முழுப் படைத்தலைவன் தோன்றுகிறான். லீசியாவோ எருசலேம் கோட்டையில் நிறுத்தப்பட்ட ஒரு கொகோர்த்துக்குத் தலைவன். செசரியாவிலிருந்த தேசாதிபதிக்கு அஞ்சிக் கடிதம் எழுதுபவன். அவன் அச்சமும், அக்கடிதத்தில் நடந்ததைத் தனக்குச் சாதகமாய்ச் சற்றே திருப்பி எழுதும் சாமர்த்தியமும் சேனாபதி என்னும் பெயரால் மறைந்துபோகின்றன. ‘ஆயிரத்தவர் தலைவர்’ என்னும் திருவிவிலியத்தின் பெயர்ப்பு இவ்விடத்தில் மேலானது.

அதே நூலின் ‘நூற்றுவர் தலைவர்’ என்பதைப்பற்றி அவ்வளவு உறுதியாய்ச் சொல்ல இயலவில்லை. சொல் அழகியது. ஆனால் தமிழிலக்கியம் பயின்றவனுக்கு நூற்றுவர் என்றால் துரியோதனாதியர்! பழைய ‘நூற்றுக்கு அதிபதி’யோ அதிபதி என்னும் சொல்லால் அவனை வேண்டியதற்கு மேல் உயர்த்திவிட்டது, என் பிழையும் அங்கே பிறந்ததுதான். மாற்கு தம் சுவிசேஷத்தின் 15ஆம் அதிகாரத்தில் கிரேக்கச் சொல்லை விடுத்துக் கெந்தூரியோன் என்று லத்தீன் சொல்லையே எழுதுகிறார். பட்டாளத்தில் வழங்கிய சொல்லை அப்படியே எடுத்தாண்டார். அவரைப் பின்பற்றுவதாயின் தமிழில் ‘சுபேதார்’ என்றே சொல்லவேண்டியிருக்கும். சபையில் வாசிக்க நான் துணியமாட்டேன். விளக்கும்போது தாராளமாய்ச் சொல்லலாம்.

நூற்றுக்கு அதிபதிகளைப்பற்றி இன்னொன்று. புதிய ஏற்பாட்டில் வரும் இவர்கள் பெரும்பாலும் நல்லவர்களாகவே காட்சியளிக்கின்றனர். லூக்காவில் இது மிகுதி. வரலாற்றாசிரியர் காட்டும் படம் வேறு. கி.பி. 14இல் பன்னோனியாவில் கலகம் செய்த சேவகர் முறையிட்ட குறைகளைத் தாசித்து விரிவாய்த் தருகிறார்: நாளொன்றுக்குப் பத்து ஆசுக் காசே தங்கள் உயிரின் விலை, அதற்குள்ளே உடை, ஆயுதம், கூடாரம் எல்லாம், வேலையிலிருந்து விடுப்புப் பெற நூற்றுக்கு அதிபதிக்குக் கையூட்டு வேறு. சேவகரின் முதுகில் தன் திராட்சைக் கழி முறிந்ததும் இன்னொரு கழி கேட்கும் வழக்கத்தால், ‘இன்னொன்று கொண்டுவா’ என்றே பட்டப்பெயர் பெற்ற ஒருவனை அவர்கள் கொன்றுபோட்டனர். லூக்காவுக்கு இது தெரியாமலிருந்திருக்காது. அப்படியிருந்தும் அவர் கொர்நேலியுவைத் தெரிந்துகொண்டார் என்பதே அந்த அதிகாரத்தின் வலிமை. பேதுரு அந்த வாசற்படியை மிதிக்கத் தயங்கினது உணவு விலக்கினால் மட்டுமா என்று மாணவர் எண்ணிப்பார்க்கவேண்டும். நாங்கள் வாழும் பகுதியின் பெயரே, ராயப்பர் என்று கத்தோலிக்கச் சகோதரர் அழைக்கும் அந்தப் பேதுருவின் பெயரால் வந்தது என்பர். நான்கு நான்கு பேராய் முறைவைத்த சேவகரின் காவலில் சங்கிலியோடு கிடந்தவர் அவர் (அப். 12). பட்டாளத்தான் வீடு அவருக்கு எப்படித் தோன்றியிருக்கும்?

கப்பர்நகூமின் நூற்றுக்கு அதிபதியை ரோமனென்றே நாம் பிரசங்கித்து வருகிறோம். அந்நாளில் கலிலேயா ரோமரின் நேராட்சியில் இல்லை, கி.பி. 39 வரை ஏரோது அந்திப்பாவே அதை ஆண்டான். அவன் படையில் பணியாற்றிய புறஜாதியான் ஒருவனாகவே அந்த அதிபதியைக் கருதவேண்டும். ரோமப் படையை அப்படியே பார்த்து அமைத்த சிற்றரசனின் படை அது. யோவான் ஸ்நானகனிடம் வந்து வழிகேட்ட சேவகரும் ஏறக்குறைய இத்தகையோரே.

அச்சேவகருக்கு யோவான் கூறிய மறுமொழியில் வரும் ‘சம்பளம்’ என்னும் சொல்லைப் பழைய பதிப்பின் மிகச் சிறந்த தேர்வுகளில் ஒன்றாகக் கருதுகிறேன். கிரேக்கத்தில் ஓப்சோனியோன், படைச்சேவகனுக்கு உணவுக்கென்று அளந்த கூலி. பாவத்தின் விளைவைப்பற்றி ரோமர் 6:23இல் பவுல் ஆளும் சொல்லும் இதுவே. தமிழிலும் அங்கே சம்பளம் என்றே வருகிறது. இதில் தமிழ் வாசகன் இழந்தது ஒன்றுமில்லை, பிரசங்கியார் அதைக் கவனித்தால். லேகியோன் சேவகனின் ஆண்டுச் சம்பளம் அகுஸ்து காலத்தில் 225 தெனாரி. மூன்று தவணைகளில் தருவர். துணைப்படையான் அதிலும் குறைவாகவே பெற்றான் என்பது பெரும்பாலோர் கருத்து. மசாதாக் கோட்டையில் கிடைத்த ஒரு பாப்பிரசு ஓலை, பெய்ரூத்து ஊரானான மெஸ்ஸியு என்னும் சேவகனின் கணக்கு. ஒரு தவணைக்கு வந்த 50 தெனாரியும் வாற்கோதுமை, உணவு, காலணி, தோல்வார், நூலாடை என்று பிடித்தம்போய் ஒன்றும் மிஞ்சவில்லை. கையெழுத்திட்டு வாங்கினால் கையில் ஒன்றும் இராத அந்தச் சம்பளத்தைப் பவுல் உவமையாக்கினார் என்று சொன்னால், கடன் பிடித்தம் போகச் சம்பளம் வாங்கும் எங்கள் சபையாருக்கு வேறு விளக்கம் வேண்டாம். ரோமச் சேவகருக்கு உப்பையே சம்பளமாய்க் கொடுத்தார்கள் என்னும் கதையை மட்டும் நாம் விட்டுவிடவேண்டும். அதற்குச் சான்றில்லை.

சம்பளம் போதாதவன் எங்கே கைநீட்டுவான் என்பதும் யோவானின் அறிவுரையில் அடங்கியிருக்கிறது. மிரட்டிப் பறித்தல், பொய்க்குற்றம் சாட்டிப் பிடுங்குதல் என்னும் இரண்டையும் அவர் பெயர்சொல்லி விலக்குகிறார். ‘மாமூல்’ என்னும் சொல்லை எங்கள் கடைத்தெருவில் விளக்கவேண்டியதில்லை. வழிப்போக்கனைப் பிடித்து மூட்டை சுமக்கவைக்கும் உரிமையும் படைக்கு இருந்தது. ஒரு மைல் என்று மத்தேயு 5:41 குறிப்பதும், சிரேனே ஊரானாகிய சீமோன்மேல் சிலுவை சுமத்தப்பட்டதும் கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல். நம் நாட்டில் அதற்கு அமஞ்சி என்றும் வெட்டி என்றும் பெயர். தென் திருவிதாங்கூரில் அதன் பெயர் ‘ஊழியம்’. நாம் அத்துணை பெருமையோடு சொல்லும் அதே சொல்தான்.

குறைகளில் சிறியவை சில. பவுலைச் செசரியாவுக்கு அனுப்ப ஆயத்தம்பண்ணிய நேரம் இராத்திரியில் மூன்றாம் மணி என்றிருப்பதைக் கேட்டு நம் சபையார் விடியற்காலை மூன்று மணி என்றே கொள்கின்றனர். அது இரவு ஏறக்குறைய ஒன்பது மணி. ஆனால் இரவை நான்கு காவலாய்ப் பகுத்த ரோமப் படை வழக்கத்துக்கு ‘ஜாமம்’ என்று எழுதியது பொன்னான பெயர்ப்பு. நம் நான்கு ஜாமமும் அந்நான்கு காவலும் அளவில் ஒன்றே. எபேசியர் 6இல் வரும் கேடகம், கோயிற் சிற்பத்தில் காணும் சிறு வட்டக்கேடகமன்று. கதவென்னும் பொருளுள்ள சொல்லினின்று பிறந்த துரெயோஸ். ஏறக்குறைய நான்கடி உயரத்துக்கு ஆளை மறைப்பது. பிலிப்பியர் 1:13இல் ‘அரமனை’ என்பது பெரும்பாலும் கட்டடமன்று, பேரரசனின் மெய்காப்புப் படை. 2 தீமோத்தேயு 2:4இல் படைக்கு ஆளெடுப்பதைச் ‘சேவகமெழுதிக்கொள்ளுதல்’ என்று பெயர்த்திருப்பதைப்போல் ஒரு சொல் இனி நமக்கு அமையாது. அதைத் திருத்தப் புறப்படுவோரை வேண்டாமென்று கெஞ்சுவேன்.

இவற்றுள் நம் மாணவர் விட்டுவிடக் கூடாதது அப்போஸ்தலர் நடபடிகள் 22ஆம் அதிகாரம். சாட்டையடிக்காகப் பவுலை வாரினால் கட்டுகிறார்கள். கட்டுகிறவர்கள் துணைப்படையாராயின், அவர்களில் பெரும்பாலோர் ரோமக் குடிமக்கள் அல்லர். இருபத்தைந்து ஆண்டுகள் அடியும் பிடித்தமும் சகித்தால் கிடைக்கும் அவ்வுரிமைக்காகக் காத்திருப்போர். அவர்களுடைய தலைவனோ அதைப் பெருந்தொகை கொடுத்து வாங்கினவன். கட்டப்பட்டவனோ அதில் பிறந்தவன். அந்த ஒரு முற்றத்தில் குடியுரிமையின் மூன்று நிலைகள் நின்றன. பவுலைக் கட்டிய சேவகன் உடனே விலகிப்போனதை நாம் அச்சம் என்று மட்டும் விளக்குகிறோம். தான் முதுமையில் பெறப்போவதை ஒரு யூதக் கைதி தொட்டிலிலேயே பெற்றிருந்தான் என்று கேட்ட மனிதனின் மனத்தில் அச்சத்தோடு வேறென்னவும் இருந்திருக்கலாம்.

பெரிய வெள்ளி நாடகத்தைப்பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. செந்நிறப் போர்வையும் துடைப்பம்போல் சிகை வைத்த தலைக்கவசமும் அணிந்த ‘ரோமர்’ இருபுறம் நிற்க, கூச்சலிடும் ‘யூதர்’ எதிரில் நிற்க, நாம் நடுவில் நின்று கண்ணீர் விடும் நாடகத்தைப் பல ஆண்டுகள் நானே நடத்தியிருக்கிறேன். அதில் குற்றவாளிகள் இருவரும் அந்நியர். நம்மவர் ஒருவரும் இல்லை. யூத மக்கள்மேல் திருச்சபை நூற்றாண்டுகளாய்ச் சுமத்திய பழிக்கு அந்த மேடை அமைப்பும் ஒரு துணை. சேவகரின் ஊரையும் மொழியையும் அறிந்தபின் அந்நாடகத்தை அவ்வாறே நடத்த என்னால் முடியவில்லை. உடைகளைப் பங்கிட்டவர் நால்வர் என்று யோவான் கணக்குச் சொல்லுகிறார். ஒரு கூடாரத்தாரில் பாதிப்பேர். ஆணையிட்டவன் ரோமன், அறைந்தவர்கள் அண்டை ஊரார். சென்ற ஆண்டு அந்நால்வருக்கும் போர்வை கொடுக்காமல், தோளில் துண்டும் கையில் தடியுமாய் எங்கள் தெருத் தமிழிலேயே பேசவிட்டேன். தங்கள் பிள்ளைகள் காவற்பணியிலும் துறைமுகக் காவலிலும் இருக்கும் தாய்மார் சிலர் வருத்தப்பட்டனர். வருத்தம் நியாயமானது, அவர்களோடு உட்கார்ந்து பேசவேண்டியிருந்தது. சுபேதார் ஐயா மட்டும், “இதுதான் சரி” என்றார்.

கடைசியாக ‘லேகியோன்’. பழைய பதிப்பும் புதியதும் இதை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்துவிட்டன. மாற்கு 5ஐ வாசிக்கக் கேட்கும் காசிமேட்டு மீன்காரத் தாய்க்கு அது ஒரு பிசாசின் பெயர்; அவ்வளவே. மாற்குவின் முதல் வாசகருக்கு அது சீரியாவிலிருந்து இறங்கிவரும் ஐயாயிரம் பேரின் பெயர். கி.பி. 70இல் எருசலேமை இடித்தபின் அங்கேயே தங்கிய பத்தாம் லேகியோனின் சின்னங்களில் ஒன்று காட்டுப்பன்றி. பன்றிக்கூட்டம் கடலில் பாய்வதைக் கேட்ட யூதக் கிறிஸ்தவர் அதை நினையாதிருந்திருப்பாரோ என்று வினவும் உரையாசிரியர்களின் கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. லேகியோன் என்பதைப் ‘பட்டாளம்’ என்று பெயர்த்தால் அளவு சிறுத்து, ஸ்பெய்ராவோடு குழம்பும். ‘பெருஞ்சேனை’ என்றால் அளவு சரி. அந்நிய ஆட்சியின் வாடை போய்விடும். மத்தேயு 26:53இன் பன்னிரண்டு லேகியோன் தூதருக்கு அது பொருந்தினும் கதரேனர் நாட்டுக் கல்லறைகளுக்குப் பொருந்தாது. இதற்குத் தக்க தமிழ்ச்சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை. உடன் ஊழியர் எவருக்கேனும் தோன்றினால் இவ்விதழுக்கு எழுதவேண்டுகிறேன்.